பல பேண்ட் படங்களை அரேயில் அடுக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாதாரண கேமரா படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றே பேண்டுகள். லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் தருவது 11 பேண்டுகள். சென்டினல்-2 செயற்கைக்கோள் தருவது 13. நாசாவின் அவிரிஸ் என்ற விமானக் கருவி 224 பேண்டுகளில் அளக்கிறது. ஒவ்வொரு பேண்டும் அதே நிலப்பரப்பை வேறோர் அலைநீளத்தில் அளந்த தனிப் படம். இவை அனைத்தையும் நிரலில் ஒரே முப்பரிமாண அரேயாக, அதாவது எண்களின் அடுக்காக, வைத்துக்கொள்கிறோம்: பேண்டுக்கு ஓர் அச்சு, வரிசைக்கு ஓர் அச்சு, நெடுவரிசைக்கு ஓர் அச்சு. இவற்றில் எது முதலில், எது கடைசியில் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அச்சுகள் இடம் மாறிப்போனால் பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. அரே உருவாகும், கணக்கு ஓடும், எண்களும் வரும். வந்த எண்கள் மட்டும் தவறாக இருக்கும். அதனால் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்: கோப்பில் எண்கள் கிடக்கும் முறை, மெமரியில் அவை கிடக்கும் முறை, நிரலில் நாம் எழுதும் அச்சு முறை. இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோப்பைத் திறக்கும் இடத்திலேயே ஒருமுறை சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகு நிரல் முழுக்க ஒரே அச்சு முறையில் போவதுதான் இந்த வழிகாட்டி சொல்லும் வழி.

உதாரணங்களுக்குப் பைத்தான் மொழியையும், அதில் அரேக்களைக் கையாளும் நம்பை (NumPy) நூலகத்தையும் எடுத்துக்கொள்கிறேன். வேறு மொழியில் எழுதுகிறவர்களுக்கும் அடிப்படை இதேதான். மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: சின்னப் படத்தில் மூன்று முறைகளையும் பாருங்கள்

இரண்டே பேண்டுகள், ஒவ்வொன்றிலும் 2 வரிசைகள், 3 நெடுவரிசைகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பேண்டின் மேல் வரிசை 10, 11, 12. கீழ் வரிசை 13, 14, 15. இரண்டாம் பேண்டின் மேல் வரிசை 20, 21, 22. கீழ் வரிசை 23, 24, 25. மொத்தம் 12 எண்கள்.

கோப்பு என்பது ஒரே நீளப் பட்டை. இந்த 12 எண்களை அதில் எழுத மூன்று முறைகள் வழக்கத்தில் இருக்கின்றன.

பிஎஸ்க்யூ முறையில் ஒரு பேண்ட் முழுவதும் முடிந்த பிறகுதான் அடுத்த பேண்ட் வரும்:
10 11 12 13 14 15 20 21 22 23 24 25

பிஐஎல் முறையில் ஒரு வரிசைக்கு எல்லா பேண்டுகளும் முடிந்த பிறகு அடுத்த வரிசை:
10 11 12 20 21 22 13 14 15 23 24 25

பிஐபி முறையில் ஒரு பிக்சலின் எல்லா பேண்டுகளும் சேர்ந்தே இருக்கும்:
10 20 11 21 12 22 13 23 14 24 15 25

இந்த மூன்று வரிகளையும் காகிதத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். பின்னால் வரும் குழப்பங்கள் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும். நம்பையின் கணக்கில் பிஎஸ்க்யூ என்றால் (பேண்ட், வரிசை, நெடுவரிசை), பிஐஎல் என்றால் (வரிசை, பேண்ட், நெடுவரிசை), பிஐபி என்றால் (வரிசை, நெடுவரிசை, பேண்ட்). கடைசியில் எழுதும் அச்சுதான் பட்டையில் மிக வேகமாக மாறும்.

படி 2: ஸ்ட்ரைடு என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

அரேயின் எண்கள் மெமரியிலும் ஒரே பட்டையாகத்தான் கிடக்கின்றன. ஓர் அச்சில் ஓரடி நகர இந்தப் பட்டையில் எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்று சொல்வது ஸ்ட்ரைடு. மேலே உள்ள பிஎஸ்க்யூ படத்தை 16 பிட் முழு எண்ணாக ஏற்றினால் வடிவம் (2, 2, 3), ஸ்ட்ரைடுகள் (12, 6, 2). அடுத்த நெடுவரிசைக்கு 2 பைட், அடுத்த வரிசைக்கு 6, அடுத்த பேண்டுக்கு 12.

இப்போது டிரான்ஸ்போஸ் செயலைக் கொண்டு பேண்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கொடுக்க வேண்டிய அச்சு முறை (1, 2, 0). வடிவம் (2, 3, 2) ஆகும், ஸ்ட்ரைடுகள் (6, 2, 12) ஆகும். மெமரியில் ஒரு பைட் கூட நகரவில்லை. அதே பட்டையைப் பார்க்கும் கோணம் மட்டுமே மாறியிருக்கிறது. இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, எவ்வளவு பெரிய படமானாலும் டிரான்ஸ்போஸ் நொடியில் முடியும். இரண்டு, புதிய அரேயில் ஓர் எண்ணை மாற்றினால் பழைய அரேயிலும் மாறும், ஏனென்றால் இரண்டும் ஒரே மெமரி. எண்கள் உண்மையிலேயே புதிய முறையில் இடம் மாற வேண்டுமென்றால் அஸ்கன்டிகுவஸ்அரே (ascontiguousarray) என்ற செயலைக் கூப்பிட வேண்டும். அப்போது ஸ்ட்ரைடுகள் (12, 4, 2) ஆகிவிடும், நகலுக்குத் தனி மெமரியும் செலவாகும்.

சி மொழியும், மாற்றச் சொல்லாத வரை நம்பையும், கடைசி அச்சை வேகமாக மாற்றுகின்றன. ஃபோர்ட்ரான், மேட்லேப், ஜூலியா, ஆர், ஐடிஎல் ஆகியவற்றில் முதல் அச்சுதான் வேகமாக மாறும். பிஎஸ்க்யூ கோப்பின் பைட்டுகளை மேட்லேப்பில் நேரடியாக ஏற்றினால் (நெடுவரிசை, வரிசை, பேண்ட்) என்ற வடிவத்தைக் கொடுத்து, பிறகு முதல் இரண்டு அச்சுகளையும் பெர்ம்யூட் மூலம் இடம் மாற்ற வேண்டும். இதைக் கையால் செய்ய விரும்பாதவர்களுக்கு மல்ட்டிபேண்ட்ரீட் என்ற செயல் இருக்கிறது. அது மூன்று முறைகளையும் ஏற்கும். வானியலில் புழங்கும் ஃபிட்ஸ் கோப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் ஹெட்டரில் (கோப்பைப் பற்றிய விவரங்கள் உள்ள தலைப்பகுதியில்) நாக்சிஸ்1 என்பது வேகமாக மாறும் அச்சு. ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நூலகம் அதைத் திறந்தால் அச்சுகள் தலைகீழாக, நாக்சிஸ்3 முதலில் வருமாறு, கிடைக்கும்.

படி 3: ஹெட்டரைப் படிக்காமல் கோப்பைத் திறக்காதீர்கள்

இட விவரமும் சேர்ந்த ஜியோடிஃப் போன்ற படக் கோப்புகளில், திறக்கும் நூலகமே இதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நூற்றுக்கணக்கான பேண்டுகள் கொண்ட ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் தரவு இன்றும் வெறும் பைனரியாகவும், பக்கத்தில் என்வி (ENVI) மென்பொருள் வகை ஹெட்டர் ஒன்றோடும்தான் நிறைய வருகிறது. அந்த ஹெட்டர் எளிய எழுத்துக் கோப்பு. சாம்பிள்ஸ் என்ற இடத்தில் நெடுவரிசைகளின் எண்ணிக்கை, லைன்ஸ் என்ற இடத்தில் வரிசைகள், பேண்ட்ஸ் என்ற இடத்தில் பேண்டுகள் இருக்கும். இன்டர்லீவ் என்ற இடத்தில் மேலே சொன்ன மூன்று முறைகளில் ஒன்று எழுதியிருக்கும்.

டேட்டா டைப் எண்ணைக் கவனமாகப் பாருங்கள். 1 என்றால் 8 பிட், 2 என்றால் குறியுள்ள 16 பிட், 12 என்றால் குறியற்ற 16 பிட், 4 என்றால் 32 பிட் ஃப்ளோட். 12 என்று இருப்பதை 2 என்று எடுத்துக்கொண்டால் 32767-க்கு மேற்பட்ட பிக்சல்கள் எல்லாம் எதிர்மறை எண்களாகிவிடும். பிரகாசமான மேகங்களில் மட்டும் தப்பு நேரும் என்பதால், மேகமில்லாத படத்தில் சோதித்தவர் கண்ணுக்கு இது தென்படாது. பைட் ஆர்டர், அதாவது ஓர் எண்ணின் பைட்டுகளில் எது முதலில் என்பது, தவறினால் தப்பு உடனே தெரியும்: 1 என்ற எண் 256 ஆகப் படிக்கப்படும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் போலத் தெரியும்.

திறப்பதற்கு முன் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். அவிரிஸின் பழைய காட்சிகள் 614 நெடுவரிசை, 512 வரிசை, 224 பேண்ட் கொண்டவை. எண்ணுக்கு 2 பைட் வீதம் மொத்தம் 14,08,36,864 பைட். ஹெட்டர் ஆஃப்செட் (தரவு தொடங்குமுன் தாண்ட வேண்டிய பைட்டுகள்) இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கோப்பின் அளவு இந்த எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் மேலே போக வேண்டாம். ஆனால் ஒத்துப்போனாலும் அச்சு முறை சரி என்று ஆகிவிடாது, ஏனென்றால் எந்த முறையில் அடுக்கினாலும் பெருக்கல் தொகை ஒன்றுதான்.

படி 4: உங்கள் நிரலுக்கென்று ஒரே அச்சு முறையைத் தீர்மானியுங்கள்

நூலகங்கள் ஆளுக்கொரு முறை வைத்திருக்கின்றன. படக் கோப்புகளைத் திறக்கும் ஜிடாலும் அதன்மேல் எழுதப்பட்ட ராஸ்டீரியோவும் (பேண்ட், வரிசை, நெடுவரிசை) தருகின்றன. இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச் எதிர்பார்ப்பதும் அதுதான், முன்னால் தொகுதிக்கென்று (ஒன்றாக அனுப்பும் பல படங்களுக்கென்று) ஓர் அச்சு கூடுதலாக. மேட்பிளாட்லிப், சைகிட்-இமேஜ், ஓப்பன்சிவி மூன்றுக்கும் பேண்ட் கடைசியில் இருக்க வேண்டும். டென்சர்ஃப்ளோ வழக்கமாக எடுத்துக்கொள்வதும் அப்படியே. ஓப்பன்சிவி படத்தைத் திறந்தால் நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாகத் தரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? செய்யப்போகும் வேலைதான் தீர்மானிக்க வேண்டும். பேண்டைப் பேண்டாக எடுத்துக் கூட்டிக் கழிக்கும் வேலை, வடிகட்டும் வேலை, ஒரு பேண்டை மட்டும் படமாகக் காட்டும் வேலை என்றால் பேண்ட் முதலில் இருப்பது நல்லது. ஒவ்வொரு பிக்சலின் முழு நிறமாலையையும் எடுத்து வகைப்படுத்தும் வேலை என்றால் பேண்ட் கடைசியில் இருக்க வேண்டும்.

இது வெறும் வசதிக்காகச் சொல்வதல்ல, வேகத்தையே மாற்றும். இன்றைய பெரும்பாலான பிராசஸர்கள் மெமரியிலிருந்து 64 பைட் துண்டுகளாக எடுக்கின்றன. 224 பேண்ட் கொண்ட 16 பிட் படத்தில் ஒரு பிக்சலின் நிறமாலை 448 பைட். பிஐபி அடுக்கில் அதைப் படிக்க 7 அல்லது 8 துண்டுகள் போதும். பிஎஸ்க்யூ அடுக்கில் ஒவ்வொரு பேண்டும் வெவ்வேறு தொலைவில் இருப்பதால் 224 துண்டுகள் எடுக்க வேண்டும், அவை ஒவ்வொன்றிலும் அந்தப் பிக்சலுக்குப் பயன்படுவது 2 பைட் மட்டுமே. லட்சக்கணக்கான பிக்சல்களைத் தனித்தனியாகச் சுற்றினால் இந்த வித்தியாசம் நிமிடங்களில் தெரியும். பிஐஎல் இரண்டுக்கும் நடுவானது. வரிசை வரிசையாக அளந்துகொண்டே போகும் கருவிகளுக்கு எழுதச் சுலபமானது என்பதால் கோப்புகளில் அதிகம் காண்பீர்கள்; கணக்குப் போட அதே முறையை வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தீர்மானித்ததை நிரலின் தலைப்பிலேயே ஒரு வரியில் எழுதிவையுங்கள். செயல்களின் உள்ளீடும் வெளியீடும் அந்த முறையிலேயே இருக்கட்டும். படம் காட்டும் இடத்திலோ மாடலுக்கு அனுப்பும் இடத்திலோ வேறு முறை தேவைப்பட்டால், அந்த வரியில் மட்டும் டிரான்ஸ்போஸ் செய்யுங்கள்.

படி 5: அச்சு மாற்ற ரீஷேப் கூடாது

இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். (2, 2, 3) வடிவப் படத்தைப் பேண்ட் கடைசியில் வருமாறு (2, 3, 2) ஆக்க வேண்டும். ரீஷேப் செயலில் அந்த வடிவத்தைக் கொடுத்தால் அதுவும் மறுபேச்சின்றித் தந்துவிடும். மேல் இடது மூலைப் பிக்சலைப் பாருங்கள்: இருக்க வேண்டியது 10, 20. ரீஷேப் தந்தது 10, 11. அதாவது முதல் பேண்டின் பக்கத்துப் பிக்சல் இரண்டாம் பேண்டாக வேடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டிரான்ஸ்போஸ் செய்தால் சரியாக 10, 20 வரும்.

ரீஷேப் எண்களின் முறையைத் தொடாது, எங்கே மடிக்க வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். ஆகவே பக்கத்துப் பக்கத்து அச்சுகளைச் சேர்க்கவோ பிரிக்கவோ மட்டும் அதைப் பயன்படுத்தலாம். பல பேண்டுகளைச் சிலவாகச் சுருக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வுக்கு (பிக்சல், பேண்ட்) என்ற இருபரிமாண அட்டவணை தேவை. பேண்ட் கடைசியில் இருந்தால் வரிசையையும் நெடுவரிசையையும் சேர்த்து நேரடியாக ரீஷேப் செய்யலாம். பேண்ட் முதலில் இருந்தால் (பேண்ட், பிக்சல்) என்று ரீஷேப் செய்து, பிறகு இருபரிமாண டிரான்ஸ்போஸ். முடிவைத் திரும்பப் படமாக்கும்போது அதே பாதையில் பின்னோக்கி வாருங்கள்.

இதைச் சோதிக்க உண்மைப் படம் வேண்டாம். ஒவ்வோர் எண்ணிலும் அதன் முகவரி இருக்குமாறு ஒரு செயற்கை அரே செய்துகொள்ளுங்கள்: பேண்ட் எண்ணை 10000-ஆல் பெருக்கி, வரிசை எண்ணை 100-ஆல் பெருக்கி, நெடுவரிசை எண்ணைக் கூட்டுங்கள். 10203 என்று இருந்தால் பேண்ட் 1, வரிசை 2, நெடுவரிசை 3. எண் பெரிதாகும் என்பதால் 32 பிட்டில் வையுங்கள். மூன்று அச்சுகளுக்கும் வெவ்வேறு நீளம் கொடுங்கள், 3, 4, 5 என்பதுபோல. சதுரப் படத்தில் வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறினால் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மாற்றும் செயல் எது எழுதினாலும் இந்த அரேயை உள்ளே விட்டு, வெளியே வந்த எண்ணின் முகவரி சரியா என்று பாருங்கள்.

படி 6: பேண்டுகளின் பிக்சல் அளவு ஒன்றா என்று பாருங்கள்

சென்டினல்-2-இல் 10 மீட்டர் பேண்டுகள் நான்கு, 20 மீட்டரில் ஆறு, 60 மீட்டரில் மூன்று. ஒரே துண்டு நிலம் முதல் வகையில் 10980 × 10980, அடுத்ததில் 5490 × 5490, கடைசியில் 1830 × 1830 பிக்சல்கள். இவற்றை அப்படியே ஓர் அரேயில் அடுக்க முடியாது. லேண்ட்சாட் 8-இலும் 15 மீட்டர் பான்குரோமேட்டிக் (கருப்பு வெள்ளை) பேண்ட் தனித்து நிற்கும்.

நுண்ணியதைப் பெரிதாக்கிச் சேர்ப்பதா, பெரியதை நுண்ணியதாக விரிப்பதா என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. விரித்தால் புதிய தகவல் எதுவும் வந்துவிடாது, மெமரி மட்டும் பெருகும். 13 பேண்டுகளையும் 10 மீட்டருக்கு விரித்தால் 16 பிட்டிலேயே 313 கோடி பைட்டைத் தாண்டும், 32 பிட் ஃப்ளோட்டில் அதைப்போல் இரு மடங்கு. அந்த அளவு நுணுக்கம் தேவையில்லாத வேலைக்கு 20 மீட்டருக்குச் சராசரி எடுத்து இறக்குவதே நல்லது. அங்கே ரீஷேப் மிக அழகாக உதவும்: 10980 × 10980 பேண்டை (5490, 2, 5490, 2) என்று மடித்து, 2 உள்ள இரண்டு அச்சுகளிலும் சராசரி எடுத்தால் முடிந்தது. அச்சுகளைப் பிரிக்கிறோமே தவிர இடம் மாற்றவில்லை என்பதால் இங்கே ரீஷேப் முறையானது. சேர்ப்பதற்கு முன் எல்லா பேண்டுகளும் ஒரே மூலையிலிருந்து தொடங்குகின்றனவா என்றும் பாருங்கள். வடிவம் ஒத்துப்போவது மட்டும் போதாது.

படி 7: கணக்குக்கு முன் எண் வகையை மாற்றுங்கள்

தாவரச் செழிப்பைக் காட்டும் என்டிவிஐ கணக்கு எளியது: அண்மை அகச்சிவப்புப் பேண்டிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நீர்நிலையில் ஒரு பிக்சல் இருக்கிறது. அகச்சிவப்பு 9000, சிவப்பு 12000. கழித்தால் −3000. ஆனால் குறியற்ற 16 பிட்டில் எதிர்மறை எண்ணுக்கு இடமில்லை, நம்பை தருவது 62536. கூட்டலும் இப்படித்தான்: 40000-உம் 30000-உம் சேர்ந்து 4464 ஆகும். அரேக்களில் இதற்கு எச்சரிக்கை எதுவும் வராது. கணக்கின் முதல் வரியிலேயே 32 பிட் ஃப்ளோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, கோப்பில் உள்ள எண்ணைப் பிரதிபலிப்பு மதிப்பாக மாற்றுவது. லேண்ட்சாட் இரண்டாம் தொகுப்பின் தரைப் பிரதிபலிப்புத் தரவில் 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். விகிதம்தானே, மாற்றாமலே கணக்கிட்டால் என்ன என்று தோன்றும். அகச்சிவப்பு 18000, சிவப்பு 10000 என்று கொள்வோம். மாற்றாமல் கணக்கிட்டால் என்டிவிஐ சுமார் 0.29. முறையாக மாற்றினால் 0.295, 0.075 ஆகின்றன, என்டிவிஐ சுமார் 0.59. பெருக்குவது மட்டும் என்றால் மேலும் கீழும் அடிபட்டுப் போயிருக்கும், கழித்தல் அடிபடாது. சென்டினல்-2-இலும் 2022 ஜனவரி 25 முதல் வந்த செயலாக்கப் பதிப்பில் 1000 கழித்துவிட்டுத்தான் 10000-ஆல் வகுக்க வேண்டும். அதற்கு முந்தைய பதிப்புகளில் செயலாக்கிய படங்களில் கழித்தல் கிடையாது. இரண்டு வகைப் பதிப்புப் படங்களையும் ஒரே அரேயில் கால அச்சோடு அடுக்குகிறவர்கள் இதைத் தவறவிட்டால், நிலத்தில் நடக்காத மாற்றம் ஒன்று வரைபடத்தில் தெரியும்.

தரவு இல்லாத பிக்சல்கள் இந்தத் தரவுகளில் 0 என்று குறிக்கப்படுகின்றன. பெருக்கிக் கழித்த பிறகு அந்த 0, −0.2 ஆகிவிடும், பிறகு அடையாளம் காண்பது கடினம். அதனால் முகமூடியை (எந்தப் பிக்சலை விலக்குவது என்று குறிக்கும் அரேயை) முதலில் செய்யுங்கள், (வரிசை, நெடுவரிசை) வடிவில், எந்த ஒரு பேண்டில் 0 இருந்தாலும் விலக்குமாறு. மாற்றிய பிறகு அந்த இடங்களில் NaN (எண் அல்ல) என்ற மதிப்பை வையுங்கள். சராசரிக்கு, அவற்றை விலக்கிக் கணக்கிடும் நான்மீன் (nanmean) போன்ற செயல்களைக் கூப்பிடுங்கள்.

பேண்டுக்கு ஒரு பெருக்கெண் வீதம் 13 எண்கள் இருக்கின்றன என்றால், பேண்ட் கடைசியில் உள்ள அரேயோடு நேரடியாகப் பெருக்கலாம். பேண்ட் முதலில் இருந்தால் பெருக்கெண்களை (13, 1, 1) என்று மாற்ற வேண்டும். மறந்தால் வழக்கமாகப் பிழை வரும். ஆனால் சோதனைக்காக வெட்டிய துண்டில் தற்செயலாக 13 நெடுவரிசைகள் இருந்தால் பிழை வராது, பெருக்கெண்கள் நெடுவரிசைகளுக்குப் போய்விடும்.

படி 8: பேண்டுகளை எண்ணால் அல்ல, பெயரால் கூப்பிடுங்கள்

ராஸ்டீரியோவில் பேண்ட் எண்கள் 1-இலிருந்து தொடங்கும். நம்பையில் இண்டெக்ஸ் 0-விலிருந்து. இது பலருக்கும் தெரிந்ததுதான். சென்டினல்-2-இல் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் பி8-க்கும் பி9-க்கும் நடுவே பி8ஏ என்று ஒரு பேண்ட் இருக்கிறது. 13 பேண்டுகளையும் முறையாக அடுக்கினால் பி4-இன் இண்டெக்ஸ் 3, ஆனால் பி11-இன் இண்டெக்ஸ் 11. ஒன்று கழித்துக்கொள்ளும் பழக்கம் பாதி வழியில் பொய்யாகிறது. வளிமண்டலத் திருத்தம் செய்த 2ஏ நிலைத் தரவில் பி10 இருக்காது. அங்கே பி11-இன் இண்டெக்ஸ் மறுபடி 10.

தீர்வு எளிது. பேண்ட் பெயரிலிருந்து இண்டெக்ஸுக்கு ஓர் அகராதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எக்ஸ்அரே நூலகத்துக்குப் போங்கள். அதில் அச்சுகளுக்கே பெயர் உண்டு, பேண்ட் அச்சில் அலைநீளத்தையும் குறித்துவைக்கலாம். பெருக்கெண்களும் பேண்ட் என்ற பெயரோடு இருந்தால், மேலே சொன்ன 13 நெடுவரிசைச் சிக்கல் எழவே எழாது. பேண்டுகள் பத்தைத் தாண்டினாலோ கால அச்சும் சேர்ந்தாலோ, நான் தயக்கமின்றி எக்ஸ்அரேயைத்தான் பரிந்துரைப்பேன்.

படி 9: மெமரியில் அடங்காத படங்கள்

மெம்மேப் செயல் கோப்பை மெமரியில் முழுதாக ஏற்றாமலே அரேபோலக் காட்டும். அதற்குக் கோப்பின் உண்மையான அடுக்குமுறை வடிவத்தையே கொடுக்க வேண்டும். பிஐஎல் கோப்பென்றால் (வரிசை, பேண்ட், நெடுவரிசை) என்று திறந்து, அதன்மேல் டிரான்ஸ்போஸ் செய்து உங்கள் முறைக்குக் கொண்டுவாருங்கள். டிரான்ஸ்போஸ் நகல் எடுப்பதில்லை என்பதால் வட்டிலிருந்து எதுவும் படிக்கப்படாது. கேட்கும் துண்டு மட்டும் வரும்.

ஜியோடிஃப் கோப்புகள் பல 256 × 256 அல்லது 512 × 512 கட்டங்களாக எழுதப்பட்டிருக்கும். படிக்கும் ஜன்னலைக் கட்டத்தின் எல்லையோடு பொருத்திக்கொள்ளுங்கள். எல்லையைக் கடந்தால் ஒரே கட்டத்தைப் பலமுறை அவிழ்க்க நேரும். எச்டிஎஃப்5 (HDF5), ஸார் (Zarr) போன்ற கோப்பு வடிவங்களில் எழுதும்போது சங்க் (ஒன்றாகச் சேமிக்கப்படும் துண்டு) அளவை நீங்களே சொல்லலாம். பிக்சல் நிறமாலையை அடிக்கடி எடுப்பவர்கள் பேண்ட் அச்சு முழுவதும் ஒரே சங்கில் அடங்குமாறு வைத்து, வரிசையிலும் நெடுவரிசையிலும் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும்.

முடிவைத் திரும்ப எழுதும்போது ராஸ்டீரியோவுக்கு மறுபடி (பேண்ட், வரிசை, நெடுவரிசை) முறையில் கொடுங்கள். பேண்ட் வாரியா, பிக்சல் வாரியா எழுத வேண்டும் என்பதை இன்டர்லீவ் என்ற தேர்வில் குறிப்பிடலாம். பேண்டுகளின் பெயர், தரவு இல்லாததைக் குறிக்கும் எண், இடக்குறிப்பு மூன்றையும் கோப்புக்குள்ளேயே எழுதுங்கள். பிறகு அந்தக் கோப்பை மூடி, வேறொரு நிரலில் திறந்து, மூலையிலில்லாத ஒரு பிக்சலின் எல்லா பேண்ட் மதிப்புகளையும் உங்கள் அரேயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.